காலுக்கா, நெற்றிக்கா?

சென்ற மாதம் நமது வீட்டில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. வாதி, ஏழாம் வகுப்பில் வாசிக்கும் நம் குமாரி. பிரதிவாதி, இங்கிலீஷ் பாஷை. நியாயாதிபதியின் ஆசனத்தில் நாம் கம்பீரமாக அமர்ந்திருந்தோம். ஆனால் விசாரணை முடிவதற்குள் நியாயாதிபதியே இறங்கிப் போய்க் குற்றவாளிக் கூண்டில் நிற்கும்படி ஆகிவிட்டது. அந்த வெட்கக்கேட்டை நேயர்களிடம் மறைப்பானேன்? உள்ளபடியே சொல்லிவிடுகிறோம்.

பள்ளிக்கூடத்தில் ஓர் இங்கிலீஷ் பாடத்தைத் தமிழில் பெயர்த்து எழுதச் சொன்னார்களாம். பாலைவனத்தில் ஒரு மகான் ஸாண்டல் அணிந்து நடந்து வந்தார் என்பது அதில் ஒரு வாக்கியம். நம் குமாரி, “அந்த மகான் உடம்பெல்லாம் சந்தனம் பூசிக்கொண்டு பாலைவனத்தில் நடந்து வந்தார்” என்று எழுதிவிட்டாள். உபாத்தியாயினி அம்மாள் அதை வகுப்பில் உரக்க வாசித்தார். நாற்பது குழந்தைகளும் கொல்லென்று சிரித்தார்கள். மாலையில் அந்த நோட்டுப் புத்தகம் நம் கைக்கு வந்தது. நாமும் சிரித்தோம். சிரித்ததோடு நிற்காமல், சமையலறையில் இருந்த அவள் தாயாரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டி, மறுபடியும் சிரித்தோம்.

குழந்தை அழவில்லை. நேரே ஸ்நான அறைக்குப் போனாள். அங்கிருந்த சோப்புக் கட்டியை அதன் அட்டைப் பெட்டியோடு கொண்டுவந்து நம் மேஜை மேல் வைத்தாள்.

“இதில் என்ன எழுதியிருக்கிறது, அப்பா?”

“மைசூர் ஸாண்டல் சோப்.”

“ஸாண்டல் என்றால்?”

“சந்தனம்.”

“எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது யார்?”

நாம்தான். அவள் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய நாளில் அந்தப் பெட்டியைக் காட்டி, “ஸாண்டல் என்றால் சந்தனம், மோந்து பார்!” என்று பாடம் சொன்ன ஆசிரியர் சாக்ஷாத் நாமே. பாதி பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மீதிப் பாதி தெரியவில்லையே என்று சிரித்தவரும் நாமே. அவள் தாயார் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். அவள் பேசியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

அன்றிரவு பிராயச்சித்தமாக அகராதிகளை இறக்கித் தூசி தட்டினோம்.

*

காலில் போடும் ஸாண்டலும் நெற்றியில் இடும் ஸாண்டலும் ஒரே எழுத்துக்களால் ஆனவை. ஒரே மாதிரி ஒலிப்பவை. ஆயினும் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரே பெயருள்ள இரண்டு பேர் ஒரே தெருவில் குடியிருந்தால் தபால்காரர் என்ன பாடுபடுவார்? இங்கிலீஷ் படிக்கும் நம் குழந்தைகளின் பாடும் அதுதான்.

கால் ஸாண்டலின் பூர்வீகம் கிரேக்க தேசம். அங்கே ‘ஸாண்டலோன்’, ‘ஸாண்டலியோன்’ என்று வழங்கிய சொல் லத்தீன் வழியாக ஐரோப்பிய பாஷைகளுக்குள் புகுந்தது. கிரேக்கருக்கும் அது வந்தேறிய சொல்தான் என்று பண்டிதர்கள் கருதுகிறார்கள். சின்ன ஆசியாவின் லிதியா நாட்டிலிருந்து வந்தது என்பார் சிலர். பாரசீகத்திலிருந்து வந்தது என்பார் வேறு சிலர்.

நெற்றி ஸாண்டலோ நம் நாட்டுச் சரக்கு. வடமொழிச் ‘சந்தனம்’ வியாபாரிகளின் மூட்டையோடு மேற்கே போயிற்று. கிரேக்கர் வாயில் ‘ஸாண்டலோன்’ போலவே ஒலிக்கும் ஒரு சொல்லாகவும், அரபியர் வாயில் ‘ஸந்தல்’ ஆகவும் மாறி, கடைசியில் இங்கிலீஷ்காரரிடம் வந்து சேர்ந்தபோது செருப்போடு செருப்பாக உருவம் ஒன்றி நின்றது. அந்த வடமொழிச் சொல்லுக்கே வேர் எது? ஒளிர்தல் என்ற பொருளுள்ள பழைய ஆரிய வேரோடு அதைச் சேர்ப்பவர் உண்டு. பர்ரோ போன்ற மொழிநூலார், பூசும் குழம்பைக் குறிக்கும் நம் ‘சாந்து’ என்ற திராவிடச் சொல்லோடு சேர்த்தார்கள். பின் சொன்னது சரியாயின், நாம் கொடுத்து அனுப்பிய ஒரு சொல் உலகத்தைச் சுற்றிவிட்டு, சோப்புப் பெட்டியின் மேல் ஏறிக்கொண்டு, வெள்ளைக்கார வேஷத்தில் நம் ஸ்நான அறைக்கே திரும்பி வந்திருக்கிறது!

விஷயம் இரண்டோடு நிற்கவில்லை. துருக்கியில் ‘ஸாண்டல்’ என்றால் துடுப்புப் போடும் படகு. வட ஆப்பிரிக்கக் கரையோரத்தில் ஓடிய நீண்டு ஒடுங்கிய பாய்மரக் கப்பல் ஒன்றுக்கும் இங்கிலீஷ் அகராதி அதே பெயரைத் தருகிறது. செருப்பின் உருவத்தையும் படகின் உருவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த உறவில் வியப்பில்லை. பாரசீகத்தில் நாற்காலிக்கு ‘ஸந்தலீ’ என்று பெயர். ஆக, ஒரே ஒலியின் மேல் உட்காரலாம். அதில் ஏறி ஆற்றைக் கடக்கலாம். அதைப் போட்டுக்கொண்டு நடக்கலாம். வீடு வந்ததும் அரைத்துப் பூசிக்கொள்ளலாம்!

இதையெல்லாம் மறுநாள் காலை காப்பி வேளையில் நம் குமாரிக்கு எடுத்துரைத்தோம். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சந்தன மரத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, அப்பா?” என்றாள்.

பார்த்ததில்லை. ஐம்பது வருஷமாகப் பூசியிருக்கிறோம், பார்த்ததில்லை. ஆலங்காயத்தில் நமது பழைய ஸ்நேகிதர் ஒருவர், தமிழ்ப் பண்டிதராக இருந்து ஓய்வு பெற்றவர், ஜவ்வாது மலைக்கு வரும்படி பல வருஷங்களாக அழைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுதிவிட்டுப் புறப்பட்டோம்.

*

சென்னையிலிருந்து போகும் வழியில் ஆம்பூரில் இறங்கினோம். நம் வீட்டு அம்மாளுக்கு அவ்வூர்ப் பிரியாணியில் நோக்கம் இல்லை. குமாரியின் பழைய செருப்பு அறுந்துபோயிருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆகிய பாலாற்றங்கரை ஊர்கள் தோலுக்குப் பேர்போனவை. உலகத்தின் பல தேசங்களில் நடக்கும் கால்களுக்கு ஜோடு தைத்து அனுப்புகிறவை. மலைக்காட்டின் கடுக்காயும் சமவெளியின் ஆவாரம்பட்டையும் ஒரு காலத்தில் இந்தத் தோல் மண்டிகளுக்கு உயிர்நாடியாக இருந்தன. பின்னர் ரஸாயன உப்புக்கள் வந்தன; கழிவு நீர் பாலாற்றில் கலந்தது; 1996-இல் உச்ச நீதிமன்றம் வரையில் அந்த வழக்குப் போய், ஆற்றைக் கெடுத்தவர் அதற்கு ஈடு செய்யவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. நமது கால் சுத்தமாக இருப்பதற்கு ஓர் ஆறு கொடுத்த விலை அது.

கடைக்காரர் ஒரு ஜோடியை எடுத்துப் போட்டார். “இது ஸாண்டல் அம்மா, நல்ல தோல்” என்றார். குமாரி நம்மைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வழக்கு இன்னும் தள்ளுபடியாகவில்லை என்பது தெரிந்தது.

மலைப்பாதையில் வண்டி ஏறும்போது, பேச்சை நல்ல வழியில் திருப்பும் பொருட்டுக் காந்தியடிகளின் செருப்புக் கதையைச் சொன்னோம். தென்னாப்பிரிக்காவில் 1910-இல் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியபோது, அவருடைய தோழர் காலன்பாக் ஒரு கிறிஸ்தவத் துறவி மடத்திற்குச் சென்று செருப்புத் தைக்கும் தொழிலைக் கற்று வந்தார். அவரிடமிருந்து காந்தி கற்றார். பண்ணையில் இருந்த மற்றவர்களும் கற்றார்கள். பிறகு சிறையில் இருந்தபோது காந்தி தம் கையாலேயே ஒரு ஜோடி ஸாண்டல் தைத்தார். 1914-இல் அந்த நாட்டை விட்டுப் புறப்படுமுன், தம்மைச் சிறையில் வைத்த ஜெனரல் ஸ்மட்ஸுக்கே அதைப் பரிசாக அனுப்பினார். ஸ்மட்ஸ் பல கோடைகாலங்கள் அதை அணிந்தார். 1939-இல் காந்தியின் எழுபதாவது பிறந்த நாளை ஒட்டி, அவ்வளவு பெரிய மனிதருடைய செருப்பில் நிற்கத் தமக்குத் தகுதி இல்லை என்ற கருத்தை எழுதி, அதைத் திருப்பிக் கொடுத்தார்.

“பரதன் ராமர் பாதுகையை வைத்துக்கொண்டானே, அது மாதிரியா?” என்றாள் குமாரி.

“கிட்டத்தட்ட. ஆனால் பரதனுடைய பாதுகையைத் தைத்தவன் பெயர் நமக்குத் தெரியாது.”

பின்னால் உட்கார்ந்திருந்த பண்டிதர் (அவர் ஆலங்காயத்தில் நம் வண்டியில் ஏறிக்கொண்டார்) இந்த இடத்தில் தொண்டையைக் கனைத்தார்.

“அதுதான் நம் தேசத்தின் குறை ஐயா. பாதுகைக்கு வேதாந்த தேசிகர் ஆயிரத்தெட்டுச் சுலோகம் பாடினார். செருப்புக் காலைச் சிவபெருமான் முகத்திலே ஊன்றிய கண்ணப்பரை நாயனாராகக் கும்பிடுகிறோம். செருப்புத் தைத்தவனை மட்டும் கோயில் வாசலில் நிறுத்தினோம். சந்தனம் உள்ளே போகலாம். செருப்பு வெளியே கிடக்கலாம். தைத்தவன் அதற்கும் அப்பால் நிற்கவேண்டும். நீங்கள் சொன்ன அதே 1939-இல்தானே, ஜூலை எட்டாந்தேதி, வைத்தியநாதய்யர் மதுரை மீனாக்ஷி கோயிலுக்குள் ஹரிஜனங்களை அழைத்துக்கொண்டு போனார்?”

ஒரே வருஷத்தில் ஒரு ஜோடிச் செருப்புத் தைத்தவரிடம் மரியாதையாகத் திரும்பி வந்ததும், தைக்கிறவர்களுக்குக் கோயிற் கதவு திறந்ததும் நிகழ்ந்தன என்பது அதுவரை நம் புத்தியில் படவில்லை. பண்டிதருக்கு மனத்துக்குள் ஒரு நமஸ்காரம் போட்டோம்.

அவர் அதோடு விடவில்லை. இங்கிலீஷ்காரனை மட்டும் ஏன் பரிகாசம் செய்யவேண்டும் என்று நம் பாஷைகளுக்கு வந்தார். நம் செருப்பே கன்னடத்தில் ‘கெர்பு’ என்றும், தெலுங்கில் ‘செப்பு’ என்றும் நிற்கிறது. தெலுங்கில் ‘செப்பு’ என்றால் ‘சொல்லு’ என்றும் பொருள். தமிழில் செம்பும் சிமிழும் செப்பு. சந்தனத்தைச் சங்கப் புலவர் ‘ஆரம்’ என்றார்கள். கழுத்து மாலையும் ஆரம்தான். ‘சந்து’ என்றால் சந்தனம், தூது, குறுகிய தெரு மூன்றும் ஆகும். செருப்புக்குப் பழம் பெயர் ‘தொடுதோல்’. “தொடுகிற தோலா, தொட்ட தோலா?” என்றாள் குமாரி. “தைத்த தோல், குழந்தாய்” என்றார் பண்டிதர், மகா சந்தோஷத்துடன். ஓய்வு பெற்ற ஆசிரியருக்குக் கேள்வி கேட்கும் குழந்தையைக் காட்டிலும் வேறு பென்ஷன் வேண்டுமா?

*

காவலூரில் மரங்களுக்கு மேலே வெள்ளைக் கோபுரம் தெரிந்தது. 1986-இல் வைணு பாப்பு என்ற வானநூல் மேதையின் பெயரைப் பெற்ற வான ஆராய்ச்சி நிலையம் அது. யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான தடயம் 1977-இல் இங்கும் பதிவாயிற்று. கோடானுகோடி மைலுக்கு அப்பால் உள்ளதைத் தெளிவாகப் பார்க்கும் கண்ணாடி இந்த மலையில் இருக்கிறது என்று குமாரிக்குச் சொன்னோம். அப்பொழுது அதைப் பெருமையாகத்தான் சொன்னோம்.

ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு சிற்றூரின் ஓரத்தில் பண்டிதர் வண்டியை நிறுத்தச் சொன்னார். இந்த மலையில் வாழ்பவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தாரோடு இவர்களுக்குச் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்பவர் என்பதே பொருள். காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து முன்னோர் வந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள், தமிழே பேசுகிறார்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவிக்கிறார்கள். காட்டிலே தேனும் கடுக்காயும் புளியும் சேகரிக்கிறார்கள். பண்டிதரின் பழைய மாணாக்கன் ஒருவனுடைய தகப்பனார், எழுபது வயதுக்கு மேற்பட்ட பெரியவர், எங்களை வரவேற்றுத் தம் கொல்லைக்கு அழைத்துச் சென்றார்.

“இதுதான் ஐயா” என்றார்.

நாம் சுற்றுமுற்றும் பார்த்தோம். பெரியவர் சுட்டிக்காட்டியது, வேலியோரம் தலை கலைந்து நின்ற ஒரு சாதாரண மரம். வேப்பமரத்தின் கம்பீரமும் அதற்கு இல்லை. புளியமரத்தின் நிழலும் இல்லை. குமாரி பட்டையில் மூக்கை வைத்து மோந்தாள். இலையைக் கசக்கி மோந்தாள். ஒரு வாசனையும் இல்லை!

பெரியவர் சிரித்தார். “வாசனை உள்ளே இருக்குது பாப்பா. மேலே இருக்கிற வெள்ளைக் கட்டையிலே வராது. உள்ளே வயிரம் பாயணும். முப்பது, நாப்பது வருஷம் ஆகும். வேரிலேதான் எண்ணெய் ஜாஸ்தி. அதனாலே இதை வெட்டமாட்டாங்க, வேரோடு பிடுங்குவாங்க.”

இன்னும் ஓர் அதிசயம் சொன்னார். சந்தன மரம் தானாக நிமிர்ந்து வளர முடியாது. பக்கத்து மரத்தின் வேரைத் தன் வேரால் பற்றிக்கொண்டு அதிலிருந்து ஆகாரம் எடுத்துக்கொள்ளும். அண்டை அயல் இல்லாத இடத்தில் பிழைக்காது. தாவர சாஸ்திரிகளும் இதை அரை ஒட்டுண்ணி என்றே வகுத்திருக்கிறார்கள்.

“வீட்டுக் கொல்லையில் சந்தனமரம்! நீங்கள் பெரிய பணக்காரர்!” என்றோம் நாம், பட்டணத்துக்காரருக்குரிய அசட்டுத்தனத்தோடு.

பெரியவர் முகம் மாறிற்று. “இது முளைச்சா எங்க அப்பா பிடுங்கிப் போட்டுடுவாருங்க. இருந்தால் பயம்.”

காரணம் உண்டு. திப்பு சுல்தான் 1792-இல் சந்தனத்தை ராஜ விருக்ஷம் என்று அறிவித்தார் என்பார்கள். பின் வந்த அரசாங்கங்களும் அந்த வழியையே பின்பற்றின. மரம் நின்றது குடியானவன் நிலத்தில், உரிமை சர்க்காருடையது, அது காணாமற்போனால் பழி குடியானவன் தலையில். யார் தான் நட்டு வளர்ப்பார்கள்? 2002-இல் தமிழ்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டு, நிலம் யாருடையதோ மரமும் அவருடையது என்று ஆயிற்று. ஆயினும் வெட்டுவதற்கும் கொண்டு செல்வதற்கும் வனத்துறையின் அநுமதி வேண்டும். அதற்குள் தலைமுறைகளின் பயம் எலும்பில் ஊறிவிட்டது. பயத்துக்கு நியாயமும் இருந்தது. தருமபுரிப் பக்கத்தில், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் இதே மலையாளி ஜனங்கள் வாழ்கிறார்கள். 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக்கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையாரும் போலீஸாரும் வருவாய்த் துறையாரும் அவ்வூரில் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, பதினெட்டுப் பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட 269 உத்தியோகஸ்தர்களும் குற்றவாளிகள் என்று 2011-இல் தீர்ப்பாயிற்று. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நெற்றியில் நாம் குளிரக் குளிர இட்டுக்கொள்ளும் பொருளின் பின்னால் இவ்வளவு அனல் இருக்கிறது.

*

குமாரி தன் புதுச் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். கல்லும் முள்ளுமான அந்தக் கொல்லையில் பெரியவர் வெறுங்காலோடு நின்றதைப் பார்த்து அவளுக்கு என்ன தோன்றிற்றோ! “உங்களுக்குச் செருப்பு வேண்டாமா, தாத்தா?” என்றாள்.

“ஏறும்போது வெறுங்கால்தான் பிடிக்கும் பாப்பா. சந்தைக்குப் போறப்போ மாட்டிக்குவேன்” என்றார். பிறகு தயங்கி, “நீ இங்கிலீஷ் படிக்கிறியா?” என்று கேட்டார்.

உள்ளே போய், குடும்ப அட்டையோடு சேர்த்து மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். இரண்டு நாளைக்கு முன்பு தபாலில் வந்ததாம். எங்கள் பண்டிதருக்குக் காட்ட வேண்டும் என்று காத்திருந்தாராம். ஆந்திர தேசத்தில் இருக்கும் ஒரு வக்கீல் இங்கிலீஷில் அச்சடித்து அனுப்பிய கடிதம் அது.

அவருடைய இளைய மகனைப் பற்றிய சமாசாரம். சில வருஷங்களுக்கு முன் ஒரு தரகன் ஊருக்கு வந்தான். மரம் வெட்டும் கூலி வேலை, நல்ல சம்பளம், முன்பணம் உண்டு என்றான். சந்தனமாக இருந்தால் வேண்டாம் என்று பெரியவர் தடுத்தார். தரகன் சத்தியம் செய்தான்: “சந்தனம் இல்லை, பெரியவரே! இது சிவப்புக் கட்டை. மோந்து பாருங்கள், வாசனையே கிடையாது. விறகு மாதிரி.” ஒரு துண்டையும் கையில் கொடுத்தானாம். பெரியவர் மோந்து பார்த்தார். வாசனை இல்லை. சந்தனத்தை அறிந்த மனிதர், மகனை அனுப்பிவிட்டார்.

அந்த மரம் செம்மரம். கடப்பை, சித்தூர் முதலிய அந்தப் பக்கத்து மலைகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் காடாக வளராத மரம். கிழக்குத் தேசங்களில் நாற்காலிக்கும் வாத்தியத்துக்கும் அதற்கு ஏக கிராக்கி. அதை வெட்டுவது சந்தனம் வெட்டுவதைப் போலவே பெரிய குற்றம். பையன் பிடிபட்டான். பல மாதங்கள் அந்த ராஜ்யத்துச் சிறையில் இருந்து, ஜாமீனில் வந்து, வாய்தாவுக்கு வாய்தா மலையிறங்கிப் போய்க்கொண்டிருக்கிறான். பிடிபட்டதையே பாக்கியமாகச் சொல்லவேண்டும். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலக் காட்டில் ஆந்திரப் போலீஸார் சுட்டு இருபது பேர் மாண்டார்கள். அவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களிலிருந்து போன ஏழைக் கூலிகள்.

“எனக்கு ஒண்ணுதான் ஐயா புரியலே” என்றார் பெரியவர். “கூட்டிக்கிட்டுப் போறப்போ, சந்தனம் இல்லேன்னாங்க. பிடிச்சப்போ, சந்தனம்னாங்க. தெலுங்கிலே ‘எர்ரசந்தனம்’னுதான் எழுதியிருக்காம். இந்தக் காகிதத்திலே இங்கிலீஷிலே என்ன போட்டிருக்குது? சந்தனமா, இல்லையா?”

கடிதத்தில் ‘ரெட் ஸாண்டர்ஸ்’ என்று இருந்தது. ஸாண்டர்ஸ் என்பது ஸாண்டல் என்ற சொல்லின் பழைய இங்கிலீஷ் உருவம். அரபிய வைத்தியர்கள் வெள்ளைச் சந்தனம், மஞ்சள் சந்தனம், சிவப்புச் சந்தனம் என்று மூன்றாகப் பிரித்தார்கள். சிவப்பு வேறு ஜாதி மரம், வேங்கையின் இனம், வாசனை அற்றது என்றாலும், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஐரோப்பாவிலே பலகாரத்துக்குச் சாயம் ஏற்ற அதை வாங்கினார்கள். இத்தனையும் முந்தின வாரம் காப்பி ஆற்றிக்கொண்டே நாம் வாசித்து ரசித்த சமாசாரங்கள். அகராதியில் அது ஒரு வேடிக்கை. இங்கே ஒரு மனிதர் கையில் நடுங்கும் காகிதம்.

நமக்கு வாய் எழவில்லை. குமாரிதான் சொன்னாள்:

“இது சந்தனம் இல்லை, தாத்தா. செம்மரம். ஆனால் பெயரில் மட்டும் சந்தனம் இருக்கிறது. வெட்டினால் இரண்டும் குற்றம்தான். உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள்.”

பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். “அப்போ நான் மோந்து பார்த்தது தப்பில்லை” என்றார். அவ்வளவு காலமாக அவரை அரித்துக்கொண்டிருந்தது அதுதான் போலும்: தாமே மகனைச் சரியாகப் பார்க்காமல் அனுப்பிவிட்டோமோ என்ற எண்ணம்.

கடிதத்தின் கடைசி வரியை அப்பொழுதுதான் நாம் கவனித்தோம். அடுத்த வாய்தா ஒன்பது நாளில். பையன் தவறாமல் வரவேண்டும். வராவிட்டால் ஜாமீன் ரத்தாகும் என்று வக்கீல் எழுதியிருந்தார். பையனோ அடுத்த மாதம் என்று நினைத்துக்கொண்டு கேரளத்துக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருந்தான். பண்டிதர் உடனே தம் பழைய மாணாக்கனான மூத்த பிள்ளையைக் கூப்பிட்டுத் தம்பிக்குத் தந்தி போல் நாலு வார்த்தை டெலிபோனில் சொல்லச் சொன்னார். மலையில் சிக்னல் கிடைக்கும் பாறை அரை மைல் தூரத்தில் இருந்தது. எல்லோரும் அங்கே நடந்தோம். குமாரி செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் ஓடினாள்; பெரியவர் வெறுங்காலோடு அவளை முந்தினார்.

பாறையின் மேல் நம் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அந்தக் கடிதம் முழுவதையும் வரிக்கு வரி தமிழில் பெயர்த்து எழுதினோம். நாம் ஆயுளில் செய்த மொழிபெயர்ப்புக்களில் அதுவே மிகவும் கடினமானது. ஒவ்வொரு சொல்லுக்கும் குமாரியிடம் சந்தேகம் கேட்டுக்கொண்டோம் என்றால் நேயர்கள் நம்ப வேண்டும். ஏழைகளுக்கு இலவசமாக வழக்கு நடத்தித் தரும் சட்ட உதவி ஆணைக்குழு ஒவ்வொரு ஜில்லாவிலும் இருப்பதையும் அடியில் எழுதிக் கொடுத்தோம்.

*

திரும்பும்போது திருப்பத்தூர் வழியாக வந்தோம். அரசாங்கத்தின் சந்தனக் கிடங்கு உள்ள ஊர் அது. காடுகளிலிருந்து வந்த கட்டைகள் இங்கே தரம் பிரித்து ஏலம் விடப்படுகின்றன. முதல் உலக யுத்தத்தின்போது இப்படி ஐரோப்பாவுக்குப் போகவேண்டிய கட்டை மைசூரில் தேங்கிப்போய், அங்கேயே எண்ணெய் வடிக்கத் தொடங்கியதிலிருந்துதான் நம் வீட்டுச் சோப்புப் பிறந்தது. அதைக் குமாரிக்குச் சொல்ல வாயெடுத்தோம். அவள் தூங்கிவிட்டாள். அவள் கால்மாட்டில் ஆம்பூர்ச் செருப்பு, ஜவ்வாது மலைச் செம்மண்ணோடு கிடந்தது.

மறுநாள் அவள் அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதினாள்: “அந்த மகான் காலில் செருப்பு அணிந்து பாலைவனத்தில் நடந்து வந்தார்.” உபாத்தியாயினி அம்மாள் சரி என்று கோடு போட்டுக் கொடுத்துவிட்டார். வழக்கு முடிந்தது. நமக்கு மன்னிப்பும் கிடைத்தது. “எனக்கு அரை மார்க்குத்தான் போச்சு, அப்பா” என்று அவளே சொல்லிவிட்டாள். அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

இப்பொழுது நம் வீட்டு ஸ்நான அறையில் ஒரு ஸாண்டல் இருக்கிறது. வாசற்படியில் ஒரு ஸாண்டல் இருக்கிறது. அவள் ஒன்றை மற்றொன்றாக இனி எழுதமாட்டாள். மூன்றாவதைப் பற்றித்தான் அவளுக்குக் கவலை. வாய்தா நாள் கழிந்து ஐந்து தினங்கள் ஆகின்றன. தபால்காரர் வரும் வேளையில் தினந்தோறும் அவள் அந்த வாசற்படியில் போய் நிற்கிறாள். நாமும் ஏதோ வேலை இருப்பதுபோல் பின்னால் போய் நிற்கிறோம்.